லிட்டருக்கு நாற்பது மில்லி

பிரியமான சேது அண்ணே,

உன்னைத் தண்ணீரில் இறங்கச் சொன்னவர் காண்ட்ராக்டர். உனக்குத் தினக்கூலி கொடுத்த அதே காண்ட்ராக்டர். பாராடாங் தீவில் அவருடைய ரிசார்ட் திறப்பு விழாவில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீந்திப் போய் எடுத்துட்டு வா" என்று சொன்னார். நீ போனாய். அப்போது உனக்கு ஒரு கை தூரத்தில் நான் நின்றிருந்தேன்.

இதை உனக்கு எழுதிச் சொல்ல வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் இந்த ஊரில் அந்த ஒரு வாக்கியம் ஐந்து மாதமாகக் காணாமல் போயிருக்கிறது. கேட்டவர்கள் கேட்கவில்லை என்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கிறேன். நீ கோபப்படுவாய். வீட்டு விஷயத்தை வெளியே பேசினால் உனக்குப் பிடிக்காது. பரவாயில்லை, படு.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. டெலானிபூர் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று தெரியவில்லை. மெயின்லேண்டில் நமக்கென்று ஓர் ஓலைக் கீற்றுகூட இல்லை என்று அப்பா தினமும் ஒரு முறை சொல்லிவிடுகிறார். அம்மா உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். எவ்வளவு துவைத்தும் ஒன்றில் மட்டும் பெட்ரோல் வாடை போகவில்லை.

மரைன் ஹில் இறக்கத்தில் நீ படகு எஞ்சின் மெக்கானிக்காக வேலை பார்த்த காண்ட்ராக்டர் ஷெட்டுக்குப் போனேன். ராமநாதபுரத்திலிருந்து புதிதாக ஒருவனைக் கூட்டிவந்திருக்கிறார்கள். உன் ஸ்பேனர்களை வைத்துத்தான் வேலை செய்கிறான். "அது எங்க அண்ணனோடது" என்றேன். "கம்பெனி சாமான்னு சொன்னாகளே" என்றான். ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். பிடியில் நீ ஆணியால் கீறிய 'சே' இருந்தது. அவன் முகம் சுருங்கிப் போனது. அவனைக் குறை சொல்லி என்ன? நாளைக்கு அவனையும் எதிலாவது இறங்கச் சொல்வார்கள்.

நாம் கட்டிய ரிமோட் படகைப் பற்றி இங்கே தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு பொம்மை என்று அவர்கள் பேசுகிறார்கள். பொம்மைக்கு ஆசைப்பட்டு ஒருவன் செத்தான் என்று சொன்னால் கேட்கிறவனுக்குக் கோபம் வராது, பாவம் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவான். நாலடி நீளம், ஃபைபர் உடம்பு, உள்ளே பெட்ரோலில் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கழித்துக் கட்டிய புல்வெட்டும் மெஷினிலிருந்து நீ கழற்றிய எஞ்சின் அது. அதனால் அம்மா அந்தப் படகுக்கே 'புல்வெட்டி' என்று பெயர் வைத்தாள். ரிமோட்டும் புரொப்பல்லரும் கப்பலில் வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

குவாட்டர்ஸின் பின்பக்கம், தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்களுக்கு நடுவில் நாம் அதைக் கட்டினோம். "ரேடியோ உன் டிபார்ட்மென்ட். என்கிட்ட வந்து நிக்காத" என்றாய். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்த எனக்கு யாரும் அதற்கு முன் ஒரு டிபார்ட்மென்ட் கொடுத்ததில்லை.

உன் அளவுக்குக் கெடுபிடியான ஆளை நான் பார்த்ததில்லை. எஞ்சின் சூடாக இருந்தால் டேங்க் மூடியைத் திறக்க விடமாட்டாய். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது படகின் பின்பக்கம் கை போகக் கூடாது. "விரலு திரும்ப முளைக்காது பவா." மேல்மூடியில் காற்றுத் துளை விட்டாய், பெட்ரோல் ஆவி உள்ளே தங்கிவிடும் என்று. கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க முனையிலும் பின்னாலும் தெர்மாகோல் அடைத்தாய்.

ஒவ்வொரு முறையும் தண்ணீரில் விடுவதற்கு முன் ரிமோட்டை அணைத்துப் பார்க்கச் சொல்வாய். சிக்னல் போனால் எஞ்சின் தானாக வேகம் குறைந்து அடங்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று தடவை. "ரெண்டு தடவ ஒழுங்கா அடங்கும். மூணாவதுலதான் உன் ரிசீவரோட லட்சணம் தெரியும்."

"என் ரிசீவர் லட்சணமாத்தான் இருக்கு. உன் கார்புரேட்டரப் பாரு முதல்ல."

"அரே வா! மேடத்துக்கு வாய் வந்துருச்சு."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தாய். நடுத் தண்ணீரில் படகு நின்றுவிட்டால் யாரும் நீந்திப் போய் எடுக்கக் கூடாது. வேறொரு படகில் போய் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். "வத்தம் கொண்டு போறத ஏத்தம் கொண்டு வந்துரும். வரலேன்னா போகட்டும், இன்னொன்னு கட்டுவோம்." வற்றம், ஏற்றம் என்றால் கடல் தண்ணீர் இறங்குவதும் ஏறுவதும். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உனக்கு மட்டும் அன்று எப்படி மறந்தது?

காண்ட்ராக்டர் ஷெட்டில் அந்தப் படகைப் பார்த்த நாளிலிருந்து நம்மை விடவில்லை. நம் ஊர்க்காரர், நம் ஆள். "நம்ம பய செஞ்சது, நம்ம விழாவுல ஓடணும்ல?" என்றார். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய், அதையும் எழுதிக் கொடுத்தாய். படகு ஓடுகிற நேரம் முழுக்க, எடுத்துவருவதற்கு ஒரு டுங்கி கரையில் நிற்க வேண்டும். டுங்கி என்றால் இங்கே மீன்பிடிக்கிற சின்ன மோட்டார் படகு. சரி என்று தலையாட்டினார். அந்தக் காகிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

விடியற்காலைக் கான்வாயில், காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகிற வண்டிகளோடு, போனோம். பஸ்ஸில் பெட்ரோல் ஏற்றக் கூடாது, அதனால் நாம் கலந்து வைத்திருந்த கேனை வீட்டிலேயே விட்டுவிட்டோம். ஆயில் பாட்டில் மட்டும் என் பையில் இருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். நம் எஞ்சினுக்கு லிட்டருக்கு நாற்பது மில்லி. அதற்காகப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாய்.

ரிசார்ட்டுக்கு முன்னால் கடலிலிருந்து உள்ளே வரும் ஓடையின் படகுத்துறையில் நீ குப்புறப் படுத்து, பஸ் குலுக்கலில் கோணிப்போன புரொப்பல்லர் தண்டை நேராக்கிக்கொண்டிருந்தாய். "பெட்ரோல் வாங்கிட்டு வா பவா" என்றாய். போனேன். ரிசார்ட்டுக்காக டுங்கி ஓட்டுகிற வங்காளி அண்ணன் நிர்மல்தா தன் கேனிலிருந்து ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுத்தார். "மிக்ஸ் தேல் ஹை, தீதி. சீதா டால் தோ." கலந்ததுதான், நேராக ஊற்றலாம் என்றார். நல்ல மனதோடு கொடுத்தார்.

எவ்வளவு கலந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தீவில் யாருமே கேட்பதில்லை. மிக்ஸ் என்றால் டுங்கிக்குப் போடுகிற மிக்ஸ்தான், வேறொன்று இருப்பதாக யாருக்கும் தோன்றாது. டுங்கி எஞ்சினுக்கு லிட்டருக்கு இருபது மில்லி போதும். நமக்குத் தேவையானதில் சரிபாதி. நான் ஆயில் பாட்டிலைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

"ஆயில் ஊத்திட்டியா?" என்று கேட்டாய்.

"மிக்ஸ் பண்ணதுதான்ணே."

"ம்" என்றாய். தினமும் அந்த டுங்கி எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவன் நீ. நீயும் கேட்கவில்லை. இதை எழுதுவதால் என் தவறு பாதியாகிவிடும் என்று நினைக்கவில்லை. நடந்தது அதுதான், எழுதுகிறேன்.

படகு அழகாக ஓடியது. பாதி வேகத்தில் இரண்டு சுற்று விட்டாய். காண்ட்ராக்டர் மைக்கில் வந்தார். "என்னடா சேது, கல்யாண ஊர்வலமா? எங்க ஆத்தா துடுப்பு போட்டா இதவிட வேகமா போகும்!" கூட்டம் சிரித்தது.

"புது பிஸ்டன் சார். இன்னும் படியல. மெதுவாத்தான் ஓட்டணும்."

"சீஃப் கெஸ்ட் நிக்கிறாருல்ல, போட்டோ எடுக்கணும்ல. ஃபுல்லா விடுறா."

விட்டாய். சத்தம் ஏறிக்கொண்டே போய், கம்பியை அறுப்பதுபோல் ஒரு கிறீச்சல், அப்புறம் ஒன்றுமில்லை. படகு நடு ஓடையில் நின்றது. வற்றம் தொடங்கியிருந்தது. படகு மெல்லத் திரும்பி, சதுப்புக் காட்டுப் பக்கம் நகர ஆரம்பித்தது. அதன் முதுகில் ரிசார்ட்டின் பெயர் எழுதிய கொடி ஆடிக்கொண்டிருந்தது.

நீ டுங்கியைத் தேடினாய். டுங்கி இல்லை. சீஃப் கெஸ்ட்டின் குடும்பத்தை ஓடைக்குள் சுற்றிக் காட்ட அனுப்பியிருந்தார்கள். நமக்காக நிறுத்துகிறேன் என்று ஒத்துக்கொண்ட டுங்கி.

"வெயிட் பண்ணுவோம் சார். டுங்கி வரட்டும்."

"அதுவரைக்கும் சீஃப் கெஸ்ட் வெயிட் பண்ணுவாரா? நீந்திப் போய் எடுத்துட்டு வா."

"வத்தம் இழுக்குது. முதலை போர்டு வேற வச்சிருக்காங்க."

"அந்த போர்டு டூரிஸ்டுக்குடா! நம்மள எந்த முதலைக்குத் தெரியாது?" மறுபடியும் சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள். கைபேசிகள் உயர்ந்தன.

பிறகு மைக்கை வேட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உன் காதருகே குனிந்தார். அது கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. "உன் பெர்மனன்ட் விஷயம் பேசிட்டு இருக்கேன்ல? இந்த நேரத்துல என் மானத்த வாங்காத."

ஏழு வருடத் தினக்கூலி நீ. அந்த ஒரு சொல்லுக்காக ஏழு வருடம் எத்தனை பேருக்கு சலாம் வைத்தாய்! ரிமோட்டை என் கையில் திணித்தாய். சட்டையைக் கழற்றினாய். "ரெண்டே நிமிஷம் பவா." வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் எனக்கு நினைவு. சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

படகை எட்டிப் பிடித்துவிட்டாய். ஒரு கையால் அதன் முனையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் தண்ணீரைத் துழாவினாய். கூட்டம் கைதட்டியது. கரைக்கு வருவதற்குப் பதிலாக நீயும் படகும் சேர்ந்தே விலகிப் போனீர்கள். படகை விடு என்று கத்தினேன். நீ விட்டாயோ அது நழுவியதோ, வளைவில் உன் தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கைதட்டல் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது.

அன்று மாலை ஏற்றத்தில் புல்வெட்டி தானாகத் திரும்பி வந்து படகுத்துறைப் படியில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கீறல் இல்லை. உன்னை மறுநாள் காலை சதுப்பு மர வேர்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஊருக்குள் முதலை என்று பேச்சு கிளம்பியது. உடம்பில் பல் பட்ட தடமே இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார், ஆனாலும் முதலை என்கிறார்கள். முதலை எல்லோருக்கும் வசதி. அதை விசாரணைக்குக் கூப்பிட முடியாது. அதற்கு ரிசார்ட் கிடையாது, அது யாருக்கும் வேலை கொடுப்பதில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் காண்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். 'சேதுராமன் தன் சொந்தப் படகை எடுப்பதற்காகத் தன் சொந்த விருப்பத்தில் நீரில் இறங்கினார்.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். "பவானிக்கு ரிசார்ட்ல ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. உங்களுக்கு அங்கேயே பின்னால ஒரு வீடு. நான் இருக்கேன்ணே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அழுதார். அது நன்றியா, துக்கமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"போனவன் போயிட்டான்மா. நாம இங்கிட்டுத்தான இருக்கணும்" என்றார் அப்பா, காண்ட்ராக்டர் போன பிறகு. அப்பாவை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. குவாட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போகிற மனிதர் வேறு என்ன பேசுவார்?

நான் கையெழுத்துப் போடவில்லை. எஞ்சினைப் பிரித்தேன். சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் உருகி இழுபட்டு ஒட்டியிருந்தது. ஆயில் போதாமல் சூடேறி இறுகினால் அப்படித்தான் ஆகும் என்று நீதான் ஷெட்டில் ஒருமுறை காட்டினாய். பையிலிருந்த ஆயில் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் குறையாமல், நீ போட்ட கோடு வரை நிறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது முறை வந்தபோது காண்ட்ராக்டர் காப்பி குடிக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். "அன்னைக்கு என்ன பெட்ரோல் ஊத்துன நீ?"

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"என் மெக்கானிக்குங்க முட்டாளில்ல, எஞ்சின் நின்ன சத்தத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க. நீ வாயத் திறந்தா நானும் திறப்பேன். அண்ணன் படகைத் தங்கச்சிதான் கெடுத்தான்னு ஊரே பேசும். உங்க ஆத்தா உன் மூஞ்சில முழிப்பாளா?"

அண்ணே, அந்த ஒரு கேள்வியில் அவர் என்னை மூன்று மாதம் ஊமையாக்கி வைத்தார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே சண்டை போட்டிருப்பேன். அதில் பாதி உண்மை. எஞ்சின் நின்றது என்னால். நீ இறங்கியது அவரால். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றும் வெளியே வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெட்ரோல், பாட்டில், நாற்பது, இருபது எல்லாம். அம்மாவுக்கு மில்லிக் கணக்கு புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். புரிந்ததும் எழுந்து வெளியே போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"நீ ஊத்துனதுல என்ன நின்னுச்சு?"

"படகு நின்னுச்சு."

"படகுதான நின்னுச்சு. நின்னா என்ன செய்யணும்னு அவன் வச்சிருந்தான்?"

"சும்மா உட்காரணும்."

"உட்கார விடாதது யாரு?"

சொன்னேன்.

"அப்ப ரெண்டையும் எழுது. உன்னோடத முதல்ல எழுது." அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை, இன்றுவரை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள். மன்னித்தாளா என்று நான் கேட்கப் போவதில்லை.

எழுதிக் கொண்டுபோய் உன் சாவை விசாரிக்கிற அதிகாரியிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "காண்ட்ராக்டர் சொன்னதை உங்களைத் தவிர வேறு யார் கேட்டார்கள்?" என்றார். மைக்கில் சொன்னது சார், எல்லோரும் கேட்டார்கள் என்றேன். "எல்லோரும் என்று எழுத முடியாதம்மா. ஒரு பெயர் சொல்லுங்கள். வியாழக்கிழமை கூட்டி வாருங்கள்."

நிர்மல்தாவிடம் போனேன். டுங்கியில் திரும்பி வரும்போதே ஓடை முழுக்க மைக் சத்தம் கேட்டது என்று உன் காரியத்தன்று அழுதுகொண்டே சொன்னவர் அவர். இப்போது வலையைப் பிரித்தபடி, தலை நிமிராமல் பேசினார். "தீதி, மேரா டுங்கி பீ உன்ஹீ கா காம் கர்தா ஹை." அவர் டுங்கியும் காண்ட்ராக்டரிடம்தான் ஓடுகிறது. நான் திரும்பி நடந்தேன். ஏழு வருடம் உன் வாயை அடைத்த அதே சோறுதானே அவர் வாயையும் அடைக்கிறது?

அண்ணே, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் அந்த மேசைக்கு முன்னால் உட்காருவேன், தனியாகவாவது. நான் செய்ததை முதலில் சொல்வேன். அடுத்து அவர் செய்ததைச் சொல்வேன். முழுக்கச் சொல்லி முடிப்பேன்.

இது உனக்கு. மிச்சம், உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு.

அன்று பாராடாங் படகுத்துறையில் நின்றவர்களே, கைபேசியைத் தூக்கிப் பிடித்தீர்களே, நான் பார்த்தேன். என் அண்ணன் நீந்துவதை எடுத்தீர்கள். அவனை இறங்கச் சொன்ன குரலும் அதில் இருக்கிறது. அதை அழித்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், நேற்றுகூட ஒரு டீக்கடையில் யாரோ யாருக்கோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோவோடு வியாழக்கிழமை ஒருவர் வாருங்கள். ஒரே ஒருவர். உங்கள் பெயர் என்ன?

உன் கூடப் பிறந்தவள்,
பவானி

டெலானிபூர், போர்ட் பிளேயர்